அக்கிக்கு மாத்திரை உண்டு

ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு அக்கி வந்தபோது காவி எழுதினால் போதும் என்றார்கள். டாக்டர் வாலாசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்தார். இதற்கு முந்தைய மருந்தான அசைக்ளோவிரை நாளுக்கு 5 வேளை விழுங்க வேண்டும். அதில் 10 முதல் 20 சதவீதம்தான் உடம்பில் சேரும். அந்த அசைக்ளோவிரோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை (புரதத்தின் ஒரு சிறு கூறு) இணைத்ததுதான் வாலாசைக்ளோவிர்; புரதத் துணுக்குகளை ஏற்றிச் செல்லும் குடலின் வாசல் இதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சுமார் 54 சதவீதம் சேர்கிறது, 3 வேளை போதும். அப்புறம் வாலின் கழன்றுவிடும். நாம் தின்னும் பருப்பில் இருப்பதுதான் அது. வயதானவர்களுக்கு 2 வேளை குறைவது எவ்வளவு நிம்மதி!

கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது முக்கியம் என்பதைத் தங்கள் நாளிதழ் பெரிய எழுத்தில் போட வேண்டும். நாங்கள் ஐந்தாம் நாள்தான் போனோம்.

– வாசகி, தஞ்சாவூர்