பேஸ்மென்ற் தரையை ஏன் பிடுங்கினாங்கள் எண்டு அம்மாவுக்கு

மிசிசாகா, கனடா
ஐப்பசி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உங்கட கால் நோவு இப்ப எப்பிடி, அண்ணா அந்தக் குளிசையை ஒழுங்கா வாங்கித் தாறாரோ? போனில கதைச்சால் உங்களுக்கு அரைவாசி கேக்குதில்லை, அண்ணா பக்கத்தில நிண்டு திருப்பிச் சொல்ல அதில இன்னும் கொஞ்சம் போகுது, அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன், அண்ணி வாசிச்சுக் காட்டட்டும்.

போன கிழமை கேட்டீங்கள், ஆடி மழைக்கு எங்கட பேஸ்மென்றுக்குள்ள வந்த தண்ணி வத்தினாப் பிறகு கழுவித் துடைச்சு விட்டால் சரிதானே, ஏன் தரையைப் பிடுங்கி எறிஞ்சு காசைக் கரியாக்கிறியள் எண்டு. எனக்கும் எங்கட வீட்டுத் தரைதான் முதல் ஞாபகம் வந்தது அம்மா. 2008 கார்த்திகையில நிஷா புயலுக்கு வெள்ளம் விறாந்தை ஏறி அறைக்குள்ள வந்ததெல்லோ, அப்பா கதவெல்லாம் திறந்துவிட்டுத் தும்புத்தடியால தள்ளித் தள்ளி வெளியில விட்டவர், பிறகு நீங்கள் டெற்றோல் போட்டுக் கழுவினீங்கள், கொஞ்ச நாள் வெயில் எறிக்க அந்தச் சிவப்புச் சீமெந்து பழையபடி மினுங்கினது. சீமெந்து தண்ணி குடிச்சாலும் காத்துப் பட்டால் திருப்பி விட்டிடும், பூஞ்சணத்துக்குத் தின்ன அதுக்குள்ள ஒண்டும் இல்லை. இஞ்ச வீடு கட்டுற முறை வேற.

இஞ்ச வீட்டுக்குக் கீழ நிலத்துக்குள்ள ஒரு வீடு இருக்கு, பேஸ்மென்ற் எண்டு சொல்லுவினம், நாங்கள் அதை ஒரு நேர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு வாடகைக்குக் குடுத்திருக்கிறம் எண்டு உங்களுக்குத் தெரியும். அடியில சீமெந்துதான், ஆனால் குளிருக்கு அதில கால் வைக்க ஏலாது, அதால அதுக்கு மேல ஒரு மெல்லிய ஸ்பொஞ் விரிச்சு அதுக்கு மேல லமினேற் பலகை போடுறது. பாத்தால் தேக்கு மாதிரி வடிவாத்தான் இருக்கும், உண்மையில மரத்தூளை அமத்திச் செய்த மட்டை, மேல மட்டும் மரம் மாதிரிப் படம் ஒட்டியிருக்கு. சுவரும் கல்லுச் சுவர் இல்லை, உள்ளுக்கு மரச்சட்டம், அதுக்கிடையில பஞ்சு, அதுக்கு மேல ரெண்டு பக்கமும் கடதாசி ஒட்டின ஜிப்சம் பலகை, ட்ரைவோல் எண்டு பேர். மரம், கடதாசி, மட்டை எல்லாம் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. ஈரம் மட்டும் கிடைச்சால் போதும், ஒண்டு ரெண்டு நாளைக்குள்ளயே முளைக்கத் தொடங்கீடும்.

ஆடி 16ஆம் திகதி காலமை பெய்த மழையை நீங்கள் ரீவியிலயும் பாத்திருப்பீங்கள், ரொறன்ரோவில பெரிய ஹைவே ஒண்டு அப்பிடியே ஆறாப்போய்க் காருக்குள்ள நிண்ட சனத்தைக் காப்பாத்தி எடுத்தவை. எங்களுக்குக் கிட்ட இருக்கிற பியர்சன் விமான நிலையத்தில அண்டைக்கு 98 மில்லிமீற்றருக்குக் கிட்டப் பெய்ததாம், இஞ்ச ஆடி மாசம் முழுக்கப் பெய்யிற மழையை விடக் கூட, அதுவும் முக்காவாசி காலமை நேரம் ஒரேயடியா. நிலத்துக்குக் கீழ போற குழாயள் அவ்வளவையும் தாங்கேலாமல் தண்ணி வந்த வழியாலயே திரும்பி வீடுகளுக்குள்ள வருது. எங்கட பேஸ்மென்றில வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில நிலத்தில ஒரு வடிகால் ஓட்டை இருக்கு, அதாலதான் வந்தது, முதல் குமிழ் குமிழா வந்து பிறகு கறுப்பாத் தள்ளினது. மழைத்தண்ணி எண்டாலும் பரவாயில்லை அம்மா, இது கக்கூசுத் தண்ணியும் கலந்த தண்ணி, அதுதான் மிச்சம் எல்லாத்தையும் தீர்மானிச்சது.

தண்ணி அண்டைக்கு இரவே இறங்கீட்டுது. இவர் வெற் வக்கியூமால உறிஞ்சி எடுத்து, துடைச்சு, ஃபான் எல்லாம் போட்டு விட, அடுத்த நாள் பாத்தால் தரை காய்ஞ்சு கிடக்கு, நீங்கள் சொன்ன மாதிரி இனிச் சரி எண்டுதான் ஆருக்கும் தோணும். ஆனால் நடக்கேக்க காலுக்குக் கீழ சளக் எண்டு ஒரு சத்தம். சுவர் ஓரத்தில ஒரு பலகையைக் கிளப்பிப் பாத்தம். மேல காய்ஞ்ச பலகைக்குக் கீழ ஸ்பொஞ்சுக்கும் சீமெந்துக்கும் இடையில தண்ணி அப்பிடியே நிக்குது, பலகையின்ர விளிம்பு தேத்தண்ணியில தோய்ச்ச பிஸ்கற் மாதிரி ஊதி, விரலால நுள்ளக் கையோட வருது. ஓரத்துச் சட்டத்தைக் கழட்டினால் ட்ரைவோலின்ர பின்பக்கம் ஈரம் ஒரு அடிக்கு மேல ஏறியிருக்கு, தண்ணி நிண்டது கணுக்கால் அளவுதான், கடதாசி மிச்சத்தை உறிஞ்சி மேல ஏத்தியிருக்கு. இன்னும் கொஞ்ச நாளில அலுமாரி நிண்ட மூலையில கறுப்பும் பச்சையுமாப் புள்ளி போட்டிட்டுது, எங்கட பழைய நெல்லுச் சாக்கு அறையில மாரிக்கு வாற அந்த மணம்.

சின்னவனுக்கு முட்டு இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பூஞ்சணத்தின்ர தூள் கண்ணுக்குத் தெரியாமல் காத்தில பறக்கும், கீழ இருக்கிறது குளிர்காலத்தில ஹீற்றர் போடக் குழாய்வழியா மேல எல்லா அறைக்கும் வரும். அதாலதான் நான் விடாப்பிடியா நிண்டனான். ஒரு கொன்ராக்ரர் வந்து பாத்திட்டு பிளீச் அடிச்சிட்டு மேல புதுப் பலகை போட்டுத் தாறன், ஒரு கிழமையில முடிச்சிடலாம் எண்டார். பிளீச் அடிச்சால் கறுப்பு நிறம் போகும், மட்டைக்கும் கடதாசிக்கும் உள்ளுக்கு ஓடின வேர் போகாது, அதோட பிளீச்சில முக்காவாசி தண்ணிதான், திருப்பியும் ஈரத்தைக் குடுக்கிற வேலை. அவரை வேண்டாம் எண்டு அனுப்பினம்.

பிறகு வந்த ஆக்கள் வடிவா வேலை செய்தவை. படிக்கட்டை முழுக்கப் பிளாஸ்ரிக் போட்டு ரேப் ஒட்டி மறைச்சு, மாஸ்க், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, முழுத் தரையையும் பிடுங்கி, சுவரை நிலத்தில இருந்து நாலடிக்கு நேரா வெட்டி எடுத்தினம். ஏன் நாலடி எண்டு கேட்டன், ட்ரைவோல் பலகை நாலடி அகலத்தில வருது, படுக்கப்போட்டால் ஒரு பலகை சரியா இருக்கும் எண்டு சொன்னவை. பஞ்செல்லாம் எறிஞ்சாச்சு. வீட்டு வாசல்ல கிடந்த குப்பையைப் பாக்க எனக்கு அழுகை வந்திட்டுது, அந்தப் பிள்ளையின்ர மெத்தை, புத்தகம், ஊரில இருந்து தாய் குடுத்துவிட்ட சீலை ரெண்டு எல்லாம் அதுக்குள்ள. பிள்ளையை மேல பெரியவளின்ர அறையில வைச்சிருக்கிறம், வாடகை ஒண்டும் வாங்கேல்லை, வாங்க மனம் வராது.

நான் உங்களுக்குச் சொல்ல வாறது இதுக்குப் பிறகு நடந்ததைத்தான். எல்லாரும் எப்ப புதுத் தரை போடுறியள் எண்டுதான் கேக்கினம், ஆனால் இந்த வேலையில காய விடுறதுதான் பெரிய வேலை. ஈரம் உறிஞ்சுற மெஷின் ஒண்டு இரவு பகலா ஓடினது, அதின்ர வாளியை ஒவ்வொரு நாளும் காலமையும் பின்னேரமும் நான்தான் ஊத்தினனான், காத்துக்குள்ள இருந்து இவ்வளவு தண்ணி வருமோ எண்டு இருக்கும். ஈரம் பாக்கிற சின்ன மீற்றர் ஒண்டு, ரெண்டு ஊசியை மரச்சட்டத்தில குத்தினால் எத்தினை வீதம் எண்டு காட்டும், 15க்குக் கீழ வந்தாப் பிறகுதான் சுவரை மூடலாம் எண்டு அவை சொல்ல, நான் ஒவ்வொரு சட்டத்துக்கும் பென்சிலால எழுதி வைச்சனான். சீமெந்துக்கு இன்னும் சுலபம், ஒரு பிளாஸ்ரிக் துண்டை நாலு பக்கமும் ரேப் ஒட்டி விட்டிட்டு அடுத்த நாள் பாக்கிறது, உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயேல்லை. அண்ணாவுக்கும் இதைச் சொல்லுங்கோ, புது அறைக்கு மரத்தரை மாதிரி ஒட்டப்போறன் எண்டவர், முதல் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கோ.

காய்ஞ்சு வரேக்க ஆவணி 17 வந்தது. அண்டைக்குப் பியர்சனில 128 மில்லிமீற்றர், ஆடி மழையையும் தாண்டினது. தண்ணி திரும்பி வராமல் தடுக்க வடிகாலுக்கு ஒரு வால்வு போட பெர்மிற் எடுத்து ஆள் வர இன்னும் கிழமைகள் இருந்தது, திரும்பவும் தண்ணி வந்திட்டுது. ஆனால் கீழ வெறும் சீமெந்து அம்மா. நானும் இவரும் பெரியவளும் தும்புத்தடியோட இறங்கித் தள்ளிக் கழுவிக் கிருமி மருந்து போட்டு விட, உங்கட முறைதான், கெதியாக் காய்ஞ்சிட்டுது. அந்தக் கொன்ராக்ரரின்ர பேச்சைக் கேட்டிருந்தால் புதுத் தரையும் போயிருக்கும்.

இன்சூரன்ஸ் காசு வந்தது பெரிய ஆறுதல். இஞ்ச சாதாரண வீட்டு இன்சூரன்சில கழிவுத்தண்ணி திரும்பி வாறதுக்குக் காசு குடுக்காயினம், அதைத் தனியாச் சேர்க்கவேணும். 2013 ஆடி 8ஆம் திகதி வந்த வெள்ளத்தில பக்கத்து வீட்டுப் போர்த்துக்கல் ஐயா சேர்க்காமல் இருந்து பட்ட பாட்டை நாங்கள் வீடு வாங்கின அண்டே சொன்னவர், அதாலதான் இவர் உடன சேர்த்தவர். அந்த ஐயாவுக்கு நான் இப்பவும் கொழுக்கட்டை, வடை எண்டு எது செய்தாலும் குடுக்கிறனான்.

இப்ப வால்வு போட்டாச்சு, வெளிக்குழாயால தண்ணி திரும்பினால் தானே மூடிக்கொள்ளும். புரட்டாசியில புதுத் தரை போட்டம். லமினேற் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, வோஷிங் மெஷின் பக்கம் ரைல்ஸ், அறைக்குச் சுண்ணாம்புக்கல்லுத் தூளும் பிளாஸ்ரிக்கும் சேர்த்துச் செய்த வினைல் பலகை. அது தண்ணியில ஊதாது, பசை போடாமல் ஒண்டுக்குள்ள ஒண்டு பூட்டுறபடியால் நாளைக்குத் தேவையெண்டால் கழட்டிக் கீழ துடைச்சுத் திரும்பப் பூட்டலாம். சுவர் ஓரம் முழுக்கக் கால் அங்குல இடைவெளி விட்டவை, ட்ரைவோலையும் நிலத்தில முட்டாமல் அரை அங்குலம் உயத்தித்தான் அடிச்சிருக்கு. இதை நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்.

அந்தப் பிள்ளை வாற மாசம் முதலாம் திகதி கீழ இறங்குறா. புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறம். பருத்தித்துறையில அவவின்ர தாய் இருக்கிறா, பனங்கட்டியும் கொஞ்சம் ஒடியல் மாவும் தாறன் எண்டவ, அண்ணா போய் வாங்க முடிஞ்சால் உங்கட பார்சலோட சேர்த்து அனுப்பிவிடுங்கோ. அட்ரஸ் அண்ணாவின்ர போனுக்கு அனுப்பிவிடுறன்.

உங்கட அன்பு மகள்,
சின்னவள்