பெயிண்ட் உதிர்ந்த வண்டிகளைப் பற்றி மகனுக்கு

டியர்பார்ன், மிச்சிகன்
மே மாதம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீ அனுப்பிய பழைய வண்டிப் படங்கள் வந்து சேர்ந்தன. படங்களோடு நான்கு வரி எழுதியிருக்கலாமே என்று அம்மா குறைப்பட்டுக்கொள்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை.

அரிசோனாவின் ஹோல்புரூக்கில் விக்வாம் மோட்டலின் கான்கிரீட் கூம்பு அறைகளுக்கு முன்னால் நிற்கும் வண்டிகளை எல்லோரும்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் ஊருக்கு வெளியே, முள்வேலிக்குப் பின்னால் நிற்கும் அந்த 1960 செவ்ரோலெட் இம்பாலாவையும் ஃபோர்டு பிக்கப்பையும் ஒரே சட்டகத்தில் கொண்டுவர உன்னைப் போன்ற ஒருவனுக்குத்தான் தோன்றும். இம்பாலாவின் பானெட்டில் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. பிக்கப்பில் வெடிப்பே இல்லை, ஆனால் நிறம் வெளுத்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டும்போல் இருக்கிறது. முன்பானால் ஏன் இப்படி என்று அன்றைக்கே தொலைபேசியில் கேட்டிருப்பாய். இப்போது கேட்காததால் நானாகவே சொல்கிறேன். இம்பாலாவைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் பூசியது லாக்கர். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போனபின் எஞ்சும் படலம், பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் விரிந்து சுருங்கி, பூச்சு தடித்த இடத்தில் வெடித்துவிடும். ஃபோர்டு பூசியது சூளையில் வாட்டிய எனாமல்; அது எளிதில் வெடிக்காது, வெயில் அதன் பிசினை மேலிருந்து மெல்ல அழிக்க, நிறம் பொடியாக உதிரும். வேலைக்காலம் முழுவதும் பெயிண்ட் ஷாப்பில் நின்றவனுக்கு இது தூரத்திலிருந்தே தெரியும்.

அரிசோனாவில் பெயிண்ட் போன இடத்தில் மெல்லிய துரு படர்வதோடு சரி, தகடு அப்படியே இருக்கிறது. நம் மிச்சிகனில் குளிர்காலச் சாலை உப்பு அடியிலிருந்து தின்கிறது. மேலே பளபளவென்று நிற்கும் வண்டியைத் தூக்கிப் பார்த்தால்தான் கதை தெரியும்.

கேமரா லென்ஸின் முன் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசரை முழுவதும் திருப்பிவிடுகிறாய். கண்ணாடியில் விழும் வானத்தை நீக்க அது உதவும்தான். ஆனால் பெயிண்டின் மிச்சப் பளபளப்பும் அதோடு போய்விடுகிறது. நல்லவேளை, குரோமின் பிரதிபலிப்பை அது அதிகம் குறைப்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: முன்பெல்லாம் உன் படங்களில், சக்கரத்தின் குரோம் மூடியான ஹப்கேப்பின் வளைவில் குனிந்து நிற்கும் நீயும், உனக்குப் பின்னால் அகன்ற தொப்பியோடு மருமகளும் சின்னதாகத் தெரிவீர்கள். பிப்ரவரிக்குப் பிறகு வந்த படங்களில் தொப்பி இல்லை. வெயிலுக்குப் பயந்து காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள் என்று அம்மாவிடம் சொன்னேன். பிப்ரவரியில் அங்கே என்ன வெயில் என்று கேட்டாள். காரைக்குடி அத்தையும் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

தனியாகப் போவதானால் தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டு போ. கணுக்காலுக்கு மேல் வரும் காலணி போட்டுக்கொள். அந்தப் பக்கத்தில் வண்டிகளின் அடி நிழலில்தான் பாம்பு படுத்திருக்கும். புல் மண்டிய வண்டியைக் கைவிடப்பட்டது என்று எண்ணி வேலி தாண்டாதே, உரிமையாளரைக் கேட்டுவிட்டு இறங்கு. எந்தப் பக்கம் போகிறாய் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. தண்ணீர் முக்கியம்.

பியர்ஸ் ஏலம் ஞாபகம் இருக்கிறதா? 2013 செப்டம்பரில் நாம் நெப்ராஸ்கா வரை ஓட்டிக்கொண்டு போனோமே, பியர்ஸ் ஊரில் லேம்ப்ரெக்ட் என்ற செவ்ரோலெட் டீலர் விற்காமல் வைத்திருந்த வண்டிகளைப் பார்க்க. 1.3 மைல் மட்டுமே ஓடிய 1958 செவ்ரோலெட் கேமியோ பிக்கப், கூரை நசுங்கிக் கிடந்த நிலையிலேயே 1,40,000 டாலருக்குப் போனது. துடைத்திருந்தால் அந்த விலைக்குப் போயிருக்காது என்று அன்று நீ சொன்னதை நான் இன்றும் பெருமையாக நண்பர்களிடம் சொல்வதுண்டு.

ஓக்லஹோமாவின் டல்சாவில் செய்தது வேறு. 1957இல் ஒரு புத்தம்புது பிளிமத் பெல்வெடியரை, அணுகுண்டையே தாங்கும் என்று சொன்ன கான்கிரீட் அறைக்குள் வைத்து, 50 வருடம் கழித்துத் திறப்பதற்காக நீதிமன்றத்தின் முன் புதைத்தார்கள். 2007இல் பெட்ரோல் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று அதையும் கூடவே வைத்தார்கள். திறந்தபோது உள்ளே தண்ணீர் புகுந்து வண்டி முழுக்கத் துருவாக இருந்தது. அதே 50 வருடம் நெப்ராஸ்கா வயலில் மழையிலும் பனியிலும் நின்றவை எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. எல்லோரும் பார்க்க நின்ற வண்டிக்கு என்ன ஆகிறது என்றாவது தெரிந்திருக்கும். உள்ளே வைத்துப் பூட்டியதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இதை உனக்காக எழுதவில்லை, பேச்சு அந்தப் பக்கம் போனதால் எழுதினேன்.

ஜூனில் தந்தையர் தின வார இறுதியில் நம் ஊர் கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் அருங்காட்சியகத்தில் மோட்டார் மஸ்டர் என்ற பழைய கார்க் கண்காட்சி நடக்கும். மெழுகு பூசிய வண்டிகளே அதிகம் என்று நீ முகம் சுளிப்பாய். இருந்தாலும் யாராவது ஒருவர் தாத்தா வாங்கிய நாளிலிருந்து கைவைக்காத வண்டியை வெட்கத்தோடு ஓரமாக நிறுத்தியிருப்பார். வா, அவரைத் தேடிப் பிடிக்கலாம். ஒருவராக வந்தாலும் இருவராக வந்தாலும் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. எதையும் கேட்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் என்னிடம் அதையே சொல்லியிருக்கிறாள். எந்த விமானம் என்று எழுது, நானே அழைத்துப் போக வருகிறேன்.

உன் அப்பா