மூன்று விநாடி பொறுங்கள்: ரிப்பீட்டரில் பேசும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மலைகளில் நிற்கும் இரண்டு மீட்டர் அலைநீள ரிப்பீட்டர்களில் (வாங்கிய குரலை அப்போதே மறுபடி பரப்பும் நிலையங்களில்) தினமும் பேசுகிற ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களுக்கும், வெயில் மழை பாராமல் மேலே ஏறிப்போய் அவற்றைப் பராமரிக்கிற மூத்தவர்களுக்கும்,

வணக்கம். ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் இந்த மடல். ஒருவர் பேசி முடித்து ஓவர் கொடுத்ததும், அடுத்தவர் உடனே பி.டி.டி.யை (பேசுவதற்கான பொத்தானை) அழுத்தாமல் மூன்று விநாடி பொறுக்க வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மடலா என்று தோன்றலாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நானும் இன்னொரு நண்பரும் ரிப்பீட்டரில் பேசிக்கொண்டிருந்தோம். இருவரிடமும் ஐம்பது வாட் செட், மொட்டைமாடியில் உயரமான ஆன்டெனா. பேச்சு கேபிளைப் பற்றி. இருபது மீட்டர் நீளத்துக்கு ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிள் போட்டால் 145 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் சக்தி கேபிளிலேயே வீணாகிவிடும், தடிமனான ஆர்.ஜி.213க்கு மாறினால் எவ்வளவு மிச்சமாகும் என்று நல்ல சுவையான பேச்சு. அவர் விரலை எடுத்ததும் நான் அழுத்துவேன். நான் எடுத்ததும் அவர் அழுத்துவார். நடுவில் அரை விநாடிகூட இருந்திருக்காது.

அதே நேரத்தில் ஒரு மலைப்பாதை வளைவில், புதிதாக உரிமம் வாங்கிய ஒரு கல்லூரி மாணவர் கையில் ஹேண்டி என்னும் ஐந்து வாட் கையடக்க ரேடியோவோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து கிடந்தது. ஓட்டி வந்தவருக்குக் கால் முறிந்திருந்தது. செல்பேசியில் சிக்னல் கிடையாது. பத்து நிமிடம் போல எங்களைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கடைசியில் அந்த வழியாக வந்த ஒரு வேன்காரர்தான் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு போய் அடிவாரத்து மருத்துவமனையில் சேர்த்தார்.

மறுநாள் காலை நெட்டில், அதாவது ஹாம்கள் குறித்த நேரத்தில் ரேடியோவில் கூடிப் பேசும் கூட்டத்தில், அந்த மாணவர் வந்தார். "சார், நேத்து உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நுழையவே முடியல, என் ஆன்டெனா சரியில்லைன்னு நினைக்கிறேன், எது வாங்கலாம்?" என்று கேட்டார். தவறு தன்னுடைய கருவியில் இருக்கிறது என்றே அவர் நம்பினார். எனக்கு இன்றுவரை ஆறாதது அந்தக் கேள்விதான். அவருடைய கருவியில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் அதே வளைவில் நின்று கூப்பிட்டார், ரிப்பீட்டர் வழியே குரல் தெளிவாக வந்தது. தவறு எங்கள் இருவரின் விரலில் இருந்தது.

அவர் குரல் ஏன் துளிக்கூடக் கேட்கவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. சிற்றலையில் எஸ்.எஸ்.பி. என்ற ஒலிபரப்பு முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு குரலும் கலந்து கேட்கும். பலவீனமான குரல் புரியாவிட்டாலும், அடியில் யாரோ இருக்கிறார் என்றாவது தெரியும். ரிப்பீட்டரில் நாம் பயன்படுத்தும் எஃப்.எம்.மில் அப்படி இல்லை. வலுவான சிக்னல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டால் பலவீனமான சிக்னல் அடியோடு மறைந்துவிடும். ஐம்பது வாட்டும் உயரமான ஆன்டெனாவும் உள்ள எனக்கு முன்னால், ஐந்து வாட்டும் ரப்பர் ஆன்டெனாவும் உள்ள அந்தப் பையன் காற்றில் இருந்ததற்கான அடையாளமே மிஞ்சாது. தன் குரல் வெளியே போகவில்லை என்பது அவருக்கும் தெரியாது. அனுப்பும்போது நம் ரிசீவர் அடைத்துக்கொண்டிருக்கும் அல்லவா.

ஆக, பலவீனமான நிலையம் ஒன்று உள்ளே வர ஒரே வழி, வலுவான நிலையங்கள் வாய்மூடி இருக்கும் அந்த இடைவெளிதான். அதையும் நாம் அடைத்துவிட்டால் எவ்வளவு நல்ல ஆன்டெனா வாங்கிக் கொடுத்தாலும் பயனில்லை.

ரிப்பீட்டரை நாம் எதற்காக மலையில் வைத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். ஏற்காடு போல 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனா நின்றால், நடுவில் வேறு மலை மறிக்காத திசைகளில் அதன் ரேடியோ அடிவானம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். பள்ளத்தில் இருக்கும் ஒரு சின்ன ஹேண்டியின் குரலை, தான் பரப்பும் அலைவரிசைக்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே வாங்கி, அந்த நொடியே மேலே இருந்து ஊர் ஊராகப் பரப்புவதுதான் அதன் வேலை. வீட்டில் ஐம்பது வாட் வைத்திருப்பவர்கள் பக்கத்து ஊர் நண்பரோடு பேச அது அவ்வளவாகத் தேவையே இல்லை, சிம்ப்ளெக்ஸிலேயே (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகவே) பேசலாம். ரிப்பீட்டர் யாருக்காக வைக்கப்பட்டதோ அவரை வெளியே நிறுத்திவிட்டு, நாம் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவசரம் என்பதை விட்டுவிட்டு, அன்றாடப் பேச்சுக்கு மட்டும் பார்த்தாலும் இடைவெளி வேண்டும். ஹேண்டிகளில் பேட்டரி சேமிக்கும் வசதி உண்டு. சிக்னல் இல்லாதபோது ரிசீவர் தூங்கித் தூங்கி விழிக்கும், விழிக்கும் முன் முதல் அசை போய்விடும். சி.டி.சி.எஸ்.எஸ். டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலி) வைத்த ரிப்பீட்டர் அந்த டோனை அடையாளம் காணவும் ஒரு நொடியின் சிறு பங்கு ஆகும். இணையம் வழியாக வேறு ஊர் ரிப்பீட்டரோடு இணைத்திருந்தால் தாமதம் இன்னும் கூடும். கால்சைனில் (ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள அடையாளப் பெயரில்) முதல் எழுத்துகள் வெட்டுப்பட்டு, "யார் சார் வந்தது?" என்று நாம் திரும்பத் திரும்பக் கேட்பதில் பாதி இதனால்தான். அழுத்திவிட்டு ஒரு நொடி கழித்துப் பேசினால் அதுவும் தீரும். ஆக அழுத்துவதற்கு முன்னால் மூன்று விநாடி, அழுத்திய பிறகு ஒன்று.

இது எந்த விதியில் இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அமெச்சூர் சேவைக்கான 1978ஆம் ஆண்டு விதிகளைப் படித்துத்தான் நாம் எல்லோரும் தேர்வு எழுதினோம். கால்சைன் சொல்ல வேண்டும், வியாபாரம் பேசக் கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது, ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் படித்தோம். சர்வதேச ரேடியோ ஒழுங்குமுறையின் 25ஆம் பிரிவு, பேரிடர் நேரத்தில் தொடர்பு கொடுக்க ஹாம்கள் ஆயத்தமாக இருப்பதற்கு வழிசெய்யும்படி நாடுகளை ஊக்குவிக்கிறது. எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று நாம் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. அதை நாமேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு உரிமம் கிடைத்த காலத்தில் என் மூத்தவர் சொல்லிக்கொடுத்தார். நான்தான் வருடங்கள் போகப் போக மறந்துவிட்டேன்.

பேரிடர் என்றதும் நம்மில் எல்லோரும் 2004 டிசம்பரைச் சொல்வோம். பாரதி பிரசாத் (கால்சைன் வி.யூ.2.ஆர்.பி.ஐ.) அந்தமானில் ஹாம் நிலையம் நடத்த போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். பல ஆண்டுகளாக அங்கிருந்து அமெச்சூர் குரலே கேட்காததால், அந்தத் தீவுகளோடு ஒரு தொடர்பு கிடைக்காதா என்று உலகெங்கும் ஹாம்கள் வரிசையில் காத்திருந்தார்கள். 26ஆம் தேதி காலை பூமி அதிர்ந்தது. அபூர்வமான தொடர்புக்காக வைத்த அதே நிலையம் சில மணி நேரத்தில் தீவுகளுக்கும் நாட்டுக்கும் இடையே செய்தி கொண்டுபோகிற நிலையமாக மாறியது. கடலுக்கு இந்தப் பக்கம் இலங்கையிலும் அப்படித்தான். விக்டர் குணதிலக, 4.எஸ்.7.வி.கே., முதலான ஹாம்கள் சிற்றலையில் தெற்குக் கரையின் தொடர்பை மீட்டார்கள். இந்த நினைவு நமக்குப் பெருமையாக இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அந்த வாரங்களில் நடந்த வேலையில் பேசியது ஒரு பங்குதான். மற்ற நிலையங்கள் அலைவரிசையைக் காலியாக விட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால்தான் நசுங்கிய குரலில் வரும் ஒரு செய்தி காதில் விழும்.

2018இல் கஜா புயல் டெல்டாவைத் தாண்டியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, செல்பேசி கோபுரங்கள் பேட்டரி தீர்ந்து ஊமையானதை அந்தப் பக்கத்து நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு நாளுக்கு நாம் தயாராக இருக்கிறோம் என்று அதிகாரிகளிடம் சொல்கிறோம். அந்தப் பழக்கம் புயல் வரும் அன்று திடீரென்று விரலுக்கு வந்துவிடாது. சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் கேபிளைப் பற்றிப் பேசும்போதே வர வேண்டும்.

இடைவெளி விட்டால் பேச்சின் ஓட்டம் போய்விடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும், நானும் உணர்ந்தேன். அப்புறம் இன்னொன்று நடந்தது. நான் பொறுக்கத் தொடங்கிய பிறகு, இதுவரை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் தங்கள் கால்சைனைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள். இரண்டு பேர் பேச்சு நான்கு பேர் பேச்சானது. அவர்கள் இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

புதிதாக வி.யூ.3 என்று தொடங்கும் கால்சைன் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பிரேக், பிரேக்" என்று தொடர்ந்து சொல்ல வேண்டாம், இடைவெளியில் உங்கள் கால்சைனை ஒருமுறை சொன்னால் போதும். உண்மையான அவசரம் என்றால் "எமர்ஜென்சி" என்ற சொல்லைத் தயங்காமல் முதலில் சொல்லுங்கள், அப்புறம் கால்சைன், இடம். ரிப்பீட்டரின் கேரியர் (அது அனுப்பும் சிக்னல்) முழுவதும் விழும்வரை காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அது அவசரத்துக்குப் பொருந்தாது, டெயிலிலேயே (பேசுபவர் விட்ட பிறகும் கேரியர் நீடிக்கும் நேரத்திலேயே) அழுத்திப் பேசலாம். கேரியர் எழுகிறதா என்று பார்க்கக் கால்சைன் சொல்லாமல் சும்மா தட்டிப் பார்க்காதீர்கள். விலை குறைந்த சீன ஹேண்டி வைத்திருப்பவர்கள் ரோஜர் பீப்பை (பொத்தானை விட்டதும் ஹேண்டி தானே அனுப்பும் பீப் ஒலியை) அணைத்து வையுங்கள், பரவலாகப் புழங்கும் யூ.வி.5.ஆரில் அது 39ஆம் மெனு. அந்தப் பீப் ரிப்பீட்டரின் சொந்தப் பீப்போடு கலந்து, இடைவெளி எங்கே தொடங்குகிறது என்பதையே குழப்பிவிடுகிறது. ரப்பர் ஆன்டெனாவோடு நிற்பவர்கள் 49 செ.மீ. நீளக் கால் அலை விப் (வளையும் கம்பி ஆன்டெனா) ஒன்றை மாட்டிப் பாருங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும். இதை அந்த மாணவரிடமும் சொன்னேன். ஆனால் அது அவருடைய பிரச்சினைக்கு விடை இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மூத்தவர்களிடம் வேண்டிக்கொள்வது, தவறு செய்யும் புதியவரை ரிப்பீட்டரில் எல்லோர் காதிலும் விழத் திட்டாதீர்கள். ஐந்து மாவட்டம் கேட்கும் இடம் அது. திட்டு வாங்கியவர் அடுத்த முறை அவசரத்திலும் பி.டி.டி.யைத் தொடத் தயங்குவார். நீங்கள் பொறுப்பதை நாலு நாள் கேட்டாலே அவர் கற்றுக்கொள்வார். ரேடியோவில் நாம் ஒருவரையொருவர் வயது பார்க்காமல் ஓ.எம். (ஓல்ட் மேன்) என்று கூப்பிடுகிறோம். அந்தச் சமம் பொறுமையிலும் இருக்கட்டும்.

ரிப்பீட்டரைப் பராமரிப்பவர்களிடம்தான் என் பெரிய கோரிக்கை. இதை மனிதர் நினைவை மட்டும் நம்பி விட வேண்டாம், ரிப்பீட்டரை இயக்கும் கன்ட்ரோலரிலேயே செய்யலாம். பேசுபவர் விட்டதும் உடனே பீப் அடிக்காமல் இரண்டு விநாடி கழித்து அடிக்கும்படி வையுங்கள். டைம்-அவுட் கணக்கு (தொடர்ந்து பேசிய நேரத்தை அளந்து, எல்லை தாண்டினால் ரிப்பீட்டரை நிறுத்தும் கணக்கு) அந்தப் பீப்புக்குப் பிறகுதான் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்படி வையுங்கள். பொறுக்காமல் முந்துகிறவர்களின் கணக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மூன்று நிமிடத்தில் ரிப்பீட்டர் தானே வாயை மூடிவிடும். யாரும் யாரையும் கண்டிக்க வேண்டியதில்லை. எங்கள் பகுதி ரிப்பீட்டரில் இதைச் செய்ய ஒரு நாள் மலை ஏற வேண்டும் என்றால் ஏணியும் கருவிகளும் சுமக்க நான் வருகிறேன். கன்ட்ரோலர் பழையது, மாற்றினால்தான் முடியும் என்றால் அதன் செலவில் என் பங்கைத் தருகிறேன்.

நெட் நடத்துபவர்கள் வரும் ஞாயிறு காலை முதல் இதைத் தொடங்கலாம். ஐந்து நிலையங்கள் பேசி முடித்ததும் பத்து விநாடி யாரும் பேசாமல் விட்டு, "வேறு யாராவது இருக்கிறீர்களா, அவசரச் செய்தி உண்டா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வராவிட்டாலும் கேளுங்கள்.

அந்த மாலை என்னோடு பேசிக்கொண்டிருந்த நண்பரும் இந்த மடலைப் படித்தார், தன் பெயரில் வந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் இருவரின் 73 (ஹாம் வழக்கில் அன்பான வாழ்த்து).

இரண்டு மீட்டரில் பல ஆண்டுகளாக உங்களோடு இருக்கும் ஒரு வி.யூ.2