நிலம் வேண்டும், பொறுப்பு வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்து பாப்டிஸ்ட் சபைக் கூட்டமைப்பு ஒன்றின் நிர்வாகச் சீரமைப்பு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் கூட்டமைப்பிலுள்ள ஒரு சபையில் பொருளாளராக இருந்தவன் நான். கட்டுரையாளர் இதை மூத்தவர்களுக்கும் வாலிபர்களுக்கும் நடக்கும் நாற்காலிச் சண்டையாகவே பார்த்திருக்கிறார். சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் சீரமைப்புக்கான வரைவைப் படித்தவர்களுக்கு வேறு கவலை இருக்கிறது.

வரைவு மூன்று காரியங்களைச் சொல்கிறது. பல குழுக்களைக் கலைத்து ஒரே நிர்வாகக் குழு அமைப்பது. சபைகளின் பெயரில் இருக்கும் நிலத்தையும் கட்டடத்தையும் மைய அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுப்பது. போதகர்களை நியமிக்கவும் மாற்றவும் அந்தக் குழுவுக்கே அதிகாரம் தருவது. முதலாவதை நானும் ஆதரிக்கிறேன். எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் அதே பத்துப் பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகம் மட்டும் வேறு வேறு. அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான தென் பாப்டிஸ்ட் மாநாடும் 1995-ல் தன் 19 அமைப்புகளை 12 ஆகக் குறைக்க முடிவெடுத்தது.

நிலத்தின் கதை வேறு. எங்கள் ஆலயம் நிற்கும் சென்ட் கணக்கான இடம் எந்த மிஷனும் வாங்கித் தந்ததல்ல. ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்களின் காணிக்கை, வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசி, அறுப்பின் பண்டிகை ஏலம் எல்லாம் சேர்ந்து வாங்கியது. ஒரே மட்டி வாழைக்குலையை ஏலம் எடுத்தவரே திரும்பக் கொடுக்க, மறுபடி ஏலம் விட்டு, கடைசியில் அந்தக் குலை யார் வீட்டுக்குப் போனது என்றே தெரியாமல் போகும். பணம் மட்டும் ஒழுங்காகப் பெட்டிக்கு வந்துவிடும். அப்படி வாங்கிய இடத்தின் பத்திரத்தை 'நிர்வாக வசதி' என்று ஒரு வரி எழுதிக் கேட்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் திருச்சபை என்றாலே பேராயர், சேகரம் (பல சபைகள் சேர்ந்த பிரிவு), மாற்றல் உத்தரவு என்றுதான் பலருக்கும் நினைப்பு. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து வளர்ந்த லண்டன் மிஷன் சபைகளும் பேராயர் இல்லாமல் இருந்தவைதான். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பேராயர் முறைக்குள் வந்தன. அது அவர்கள் தெரிந்து எடுத்த முடிவு. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய திருச்சபை ஒன்றிணைப்புப் பேச்சு முடிய 28 ஆண்டுகள் ஆயின. எங்களுக்கோ, ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட ஒரு வரைவும் சில வார அவகாசமும். பாப்டிஸ்ட் முறையில் போதகரை அழைப்பதும் அனுப்புவதும் சபையார் கூட்டத்தின் உரிமை. அதை மாற்ற நினைப்பது பாவமல்ல. ஆனால் மாற்றுகிறோம் என்று வாய்திறந்து சொல்ல வேண்டாமா?

மலையோரத்துச் சிறு சபைகளால் போதகருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை, மையத்தில் பணமும் அதிகாரமும் சேர்ந்தால்தான் தீரும் என்கிறார்கள். கஷ்டம் உண்மைதான். குலசேகரத்துக்கு மேலே போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் அதற்கு நிலப் பத்திரம் எதற்கு? தென் பாப்டிஸ்டுகள் 1925-லேயே கூட்டுறவுத் திட்டம் என்று ஒரு வழி கண்டார்கள். எவ்வளவு அனுப்புவது என்பதை ஒவ்வொரு சபையும் தானே தீர்மானிக்கிறது. சேர்ந்த தொகை ஊழியத்துக்குப் பகிரப்படுகிறது. ஆலயமும் நிலமும் சபைகளிடமே இருக்கின்றன.

அதே தென் பாப்டிஸ்டுகளின் இன்னொரு அனுபவம் எங்கள் தலைவர்கள் கண்ணில் படவே இல்லை. பாலியல் குற்றம் செய்த போதகர்களின் பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்கள் கெஞ்சினார்கள். சபைகள் தன்னாட்சி உடையவை, மையம் தலையிட முடியாது என்று 2008-ல் அந்த மாநாட்டின் நிர்வாகக் குழு கைவிரித்தது. 2022 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கையில் தெரியவந்தது என்ன? 700-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியலை அந்த நிர்வாகக் குழு அலுவலகத்து ஊழியர் ஒருவரே ரகசியமாக வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான், அதே ஆண்டு ஜூனில், பிரதிநிதிகள் கூடிப் பொதுப் பட்டியலுக்குத் தீர்மானம் போட்டார்கள்.

மையம் தலையிட வேண்டிய இடம் அதுதான். ஒரு சபையில் புகாருக்கு ஆளான போதகர் அடுத்த தாலுகாவில் போய் மேடையேறினால் அங்குள்ள பெற்றோருக்கு யார் சொல்வது? எங்கள் வரைவில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை. புகார் கொடுக்க வெளியாட்கள் உள்ள குழு இல்லை. வெளித் தணிக்கையாளர் பற்றியும் பேச்சில்லை. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மட்டும் ஐந்து ஆண்டுகள் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். கூட்டமைப்பு பதிவாகியிருப்பது 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். அதன்படி பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. மறுபடி தேர்தலில் நிற்கத் தடையில்லை. வரைவு எழுதிய குழுவில் வக்கீல்களும் இருக்கிறார்கள்!

வாக்கெடுப்புக்கு முன்பு வரைவைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சபையிலும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாசிக்கட்டும். குழுக்களைக் குறைப்பதை ஒரு தீர்மானமாகவும், நிலத்தையும் போதகர் நியமனத்தையும் தனித்தனித் தீர்மானங்களாகவும் வைக்கட்டும். மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி 'ஆம் அல்லது இல்லை' என்று கேட்டால், முதலாவதை விரும்பும் என்னைப் போன்றவர்களும் 'இல்லை' என்றுதான் கை தூக்குவோம்.

இப்படிக்கு,
முன்னாள் சபைப் பொருளாளர்,
மார்த்தாண்டம்.