பாப்பா, முதலில் ஒரு நோட்டு வாங்கு

பாப்பா,

நேற்று நீ போனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே பெங்களூர் வந்து உன் மேனேஜரை ஒரு வழி பண்ணிவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் கண்டிப்பான ஆளா, இல்லை என்னை மட்டும் குறி வைக்கிறாரா என்று கேட்டாய். நான் பட்டறையில் இருந்தபோது ஒரு ஃபோர்மேன் இருந்தார், வாயைத் திறந்தால் காது கூசும், ஆனால் எல்லாருக்கும் அதே வாய்தான், அளவு போன பீஸை எடுத்து வெர்னியர் அளவுகோலை வைத்து எங்கே தப்பு என்று காட்டுவார், மறுநாள் அதை மறந்தே போயிருப்பார். உன் ஆள் அப்படியா? மீட்டிங் இருப்பதையே சொல்லாமல் விட்டு "ஏன் வரவில்லை" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார், வாயால் சொன்ன வேலையை மறுநாள் சொல்லவே இல்லை என்கிறார், போதாததற்கு "காசிமேடு பாஷை" என்று உன்னைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார். (நாம் இருப்பது தண்டையார்பேட்டை, அது வேறு விஷயம்.) இது கண்டிப்பு இல்லை. உனக்கு வேலை தெரியாது என்று நீயே நம்ப ஆரம்பித்திருக்கிறாய் பார், அவருக்கு வேண்டியது அதுதான்.

சரி, ஒரு நோட்டு வாங்கு. தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை அப்படியே. "அவமானப்படுத்தினார்" என்று மட்டும் எழுதினால் படிக்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. அவர் வாயால் ஒரு வேலை சொன்னால் சீட்டுக்கு வந்ததும் "நீங்கள் இப்போது சொன்னபடி வியாழக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்" என்று ரெண்டு வரி மெயில் போட்டுவிடு. ஆபீஸ் ஃபைலை மட்டும் உன் சொந்த மெயிலுக்கு அனுப்பாதே, அதையே சாக்காக வைத்து உன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இந்த மாதிரித் தொல்லைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது, கம்பெனி விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். பேச்சு ஆபாசமாகப் போனால் கதை வேறு. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013ஆம் வருஷச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தேதி தேதி என்று நான் அடித்துக்கொள்வது இதற்கும் சேர்த்துத்தான். எச்.ஆர். பெண் சிரித்துப் பேசுகிறாள் என்கிறாய், நல்லது, ஆனால் அவளுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி.

அப்புறம், தனியாகப் போகாதே. அந்த டீமை விட்டு ஓடியவர்களிடம் பேசிப் பார், இன்னும் இருப்பவர்களில் யாராவது கூட வருவார்களா என்று கேள். 1918இல் பெரம்பூர் மில் ஆட்கள் சாப்பாட்டு நேரம் போதவில்லை, வெள்ளைக்கார அதிகாரிகள் மரியாதையில்லாமல் நடத்துகிறார்கள் என்று சேர்ந்து நின்றதில்தான் வாடியா, திரு.வி.க. மாதிரித் தலைவர்கள் எல்லாம் வந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டானது. ஒவ்வொருத்தராகப் போய்க் கேட்டிருந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருப்பார்கள்.

கோபத்தில் ராஜினாமா எழுதாதே. வேறு இடத்துக்கு இன்டர்வியூ போய்க்கொண்டே புகாரையும் கொடு, ரெண்டும் சேர்ந்து நடக்கலாம். லோனை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், மாடி போர்ஷன் வாடகை வருகிறது, ரெண்டு மூணு மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

புகார் மெயிலை அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் போனில் படித்துக் காட்டு. உன் இங்கிலீஷை நான் திருத்த முடியாது, ஆனால் எந்த வரியில் கோபம் தலை நீட்டுகிறது என்று சொல்லிவிடுவேன்.

அப்பா