கணக்கெடுப்பில் பேரனுக்குத் தமிழ் என்றே எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழிந்துவரும் மொழிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தமானில் போ மொழி பேசிய கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்ததையும் நீலகிரித் தோடர்களையும் பற்றி எழுதியிருந்தார்கள். சேலத்துக்குள்ளேயே பேசப்படும் எங்கள் சௌராஷ்டிரம் பற்றி ஒரு வரி இல்லை. லட்சக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கும் மொழிக்கு என்ன குறை என்று நினைத்திருக்கலாம்.

அந்த லட்சக்கணக்கைத்தான் நான் நம்பவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் 1991ல் சுமார் 2,20,000 பேர், 2001ல் 1,85,000, 2011ல் 2,47,000. பத்து வருடத்தில் முப்பத்தைந்தாயிரம் பேர் காணாமல் போய், அடுத்த பத்து வருடத்தில் அறுபதாயிரம் பேர் முளைப்பார்களா? வாசலில் வந்து கேட்டவரிடம் யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதுதான் அதில் பாதி என்பது என் எண்ணம்.

நான் அம்மாப்பேட்டையில் பட்டு வேட்டி நெய்து ஓய்ந்தவன். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது விடிகாலையில் தெருவில் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலை, நீட்டுவார்கள். பெரியவர்கள் அங்கே பேசுவது, திட்டுவது, கடன் கேட்பது, சம்பந்தம் பேசுவது எல்லாம் சௌராஷ்டிரத்தில்தான். குறுக்கே ஓடும் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே கேட்டுக் கற்றோம். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கைத்தறியில் நெய்துகொண்டே பேசலாம். விசைத்தறிச் சத்தத்தில் எந்த மொழியும் பேச முடியாது! அப்புறம் பிள்ளைகள் படித்து பெங்களூருக்கும் சென்னைக்கும் போனார்கள். நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. இன்று நானும் மனைவியும் சௌராஷ்டிரத்தில் பேசுகிறோம். மகன் பாதிக்குப் பாதி கலந்து பேசுகிறான். மருமகளும் எங்கள் ஆட்கள்தான், ஆனால் குழந்தையிடம் தமிழ்தான். பேரனுக்கு நாங்கள் பேசுவது புரிகிறது, பதில் தமிழில் வருகிறது.

யுனெஸ்கோவின் அளவுகோலில் ஆள் எண்ணிக்கையைவிட முக்கியமாகப் பார்ப்பது, வீட்டில் குழந்தைகள் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கற்கிறார்களா என்பதை. அப்படிப் பார்த்தால் எங்கள் தெரு எந்த நிலையில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2027 பிப்ரவரியில் மறுபடி தலை எண்ண வருகிறார்கள். எங்கள் சங்கத்தில் சிலர், குடும்பத்தில் எல்லோருக்கும் சௌராஷ்டிரம் என்றே சொல்லுங்கள், எண்ணிக்கை ஏறட்டும் என்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. கணக்கெடுப்பின் விதிப்படி தாய்மொழி என்பது சிறுவயதில் தாய் அந்தப் பிள்ளையிடம் பேசிய மொழி. சாதியோ, குடும்பப் பெயரோ, வீட்டுப் பெரியவரின் மொழியோ அல்ல. அப்படியானால் என் பேரனின் தாய்மொழி தமிழ். அவனுக்கும் சௌராஷ்டிரம் என்று எழுதிவிட்டால் மொழி செழிப்பாக இருப்பதாகக் காகிதம் சொல்லும், ஆவணப்படுத்தப் பணம் கேட்கிறபோது அந்தக் காகிதத்தையே நம் முன்னால் நீட்டுவார்கள். தெரிந்த பிற மொழிகள் என்று இரண்டு கேட்பார்கள். அவன் நாலு வார்த்தை பேசத் தொடங்கினால் சௌராஷ்டிரம் அங்கே வரட்டும்.

கணக்கெடுக்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போன முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் தமிழில் பேசியதைக் கேட்டு எல்லோருக்கும் தமிழ் என்று எழுதிக்கொண்டுதான் அடுத்த கேள்விக்குப் போனார். சொல்லித் திருத்த வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தாய்மொழி விவரத்தை வயதுவாரியாகவும் வெளியிட வேண்டும். பத்து வயதுக்குள் எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

தமிழக அரசு 2024-25 பட்ஜெட்டில் சௌராஷ்டிரம், நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு, பழங்குடி மொழிகள் ஆகியவற்றை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தது. பதிவு செய்கிறவர்கள் மதுரையோடு நின்றுவிடாமல் சேலத்துக்கும் வரட்டும். தறிக்குழியில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் அந்தத் தாய்மொழி விதியைத் தாங்கள் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெசவாளர்,
அம்மாப்பேட்டை, சேலம்.