ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு மிக்சர் கடைக்காரன் எழுதுறது

ஜிஎஸ்டி கவுன்சில் தலைவரா இருக்கிற ஒன்றிய நிதி அமைச்சருக்கும், கூட உக்காந்திருக்கிற எல்லா மாநில நிதி அமைச்சருங்களுக்கும் வணக்கம்.

நான் திண்டுக்கல் பக்கம் மிக்சர், முறுக்கு, காராசேவு போட்டு விக்கிறவன். என்னையும் சேர்த்து பட்டறையில ஏழு பேரு. ஃபேஸ்புக்ல சந்தையை சுதந்திரமா விடுங்கன்னு எப்ப எழுதினாலும் "வந்துட்டாருய்யா முதலாளி"ன்னு நாலு பேரு கீழ வந்து நிப்பாங்க, எண்ணெய்ச் சட்டி முன்னாடி வேர்வையோட ஜாரணி புடிச்சு நிக்கிற முதலாளிங்க நான்.

விஷயத்துக்கு வரேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர்கிட்ட பேக்கிங் கவர் வாங்கினேன், 1,20,000 ரூபா சரக்கு, அதுக்கு மேல 18 சதவீத வரி 21,600. மொத்தமும் பேங்க் வழியா போட்டேன், பில் இருக்கு, லாரி ரசீது இருக்கு, ஜிஎஸ்டி போர்ட்டல்ல எனக்கு வர்ற 2பி பட்டியல்லயும் அந்த பில் அழகா வந்து உக்காந்துச்சு, நானும் இன்புட் எடுத்துக்கிட்டேன், அதாவது வாங்கினப்ப குடுத்த வரிய நான் கட்டவேண்டிய வரியில கழிச்சுக்கிட்டேன். போன மாசம் நோட்டீஸ் வருது. அந்த ஆளு வித்த பில்ல காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 போட்டிருக்காரு, ஆனா வரிய கட்டி போடுற 3பி போடல, எங்கிட்ட வாங்கின வரிய உங்ககிட்ட கட்டாம கடைய மூடிட்டு போயிட்டாரு. அதனால அந்த 21,600-ஐயும் நான் திருப்பி கட்டணுமாம், அதுக்கு 18 சதவீதம் வட்டி வேற, ரெண்டு வருஷத்துக்கு 7,776. ஆக 29,376 ரூபா. எதுக்குன்னா, அந்தாளு ஏமாத்தினதுக்கு!

ஆடிட்டர்கிட்ட போய் கத்தினேன். அவரு அமைதியா ஜிஎஸ்டி சட்டத்துல 16(2)(சி) பிரிவுன்னாரு. வித்தவன் வரிய அரசாங்கத்துக்கு கட்டியிருந்தாத்தான் வாங்கினவனுக்கு இன்புட், சட்டமே அப்படித்தானாம். சரிங்க, அவனுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் குடுத்தது யாரு, நானா? அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிற அதிகாரம், பேங்க் அக்கவுண்ட்ட முடக்குற அதிகாரம் எல்லாம் யாருகிட்ட இருக்கு? அவன புடிக்கிறது கஷ்டம், நான் அதே அட்ரஸ்ல கடைய தொறந்து வச்சுக்கிட்டு இருக்கேன், புடிக்கிறது சுலபம். எனக்கு வேற காரணம் எதுவும் தெரியல.

இன்னொரு கணக்கும் சொல்றேன். நான் லேட்டா கட்டினா 18 சதவீதம் வட்டி. நீங்க எனக்கு தரவேண்டிய ரீஃபண்ட 60 நாள் தாண்டி இழுத்தடிச்சா அதுக்கு 6 சதவீதம். ஒரே சட்டத்துல ரெண்டு தராசு. என் கடையில இப்படி ரெண்டு படிக்கல்லு வச்சிருந்தேன்னா எடைக்கல் இன்ஸ்பெக்டர் வந்து என்னைய என்ன பண்ணியிருப்பாரு?

வரியே கூடாதுன்னு சொல்ற ஆளு நான் இல்ல. போலீஸ் வேணும், கோர்ட்டு வேணும், ரோடு வேணும், அதுக்கு காசு வேணும். ஆனா வரி வசூல் பண்றது உங்க வேலைங்க. அந்த வேலைய சம்பளமில்லாம எங்க தலையில கட்டிட்டீங்க, மாசம் 11ம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ம் தேதி ஒரு ரிட்டர்ன், ஒரு நாள் தள்ளினா 50 ரூபா ஃபைன், ஆடிட்டர் ஃபீஸ் நம்ம கைக்காசு, கடைசில அடுத்தவன் கட்டாததுக்கும் நானே ஜாமீன்.

சின்ன வியாபாரிக்குன்னு காம்பொசிஷன் திட்டம் இருக்கே, அதுல போகலாமேன்னு கேப்பீங்க. போகலாம், வருஷ விற்பனை ஒன்றரை கோடி வரைக்கும் 1 சதவீதம் கட்டிட்டு நிம்மதியா இருக்கலாம், ஆனா அதுல இருந்தா வெளிமாநிலத்துக்கு சரக்கு விக்கக்கூடாது. எனக்கு பாலக்காட்டுல ரெண்டு கடை வாங்குறாங்க. "ஒரே நாடு, ஒரே வரி, ஒரே சந்தை"ன்னு 2017 ஜூலை 1ம் தேதி நடுராத்திரி பார்லிமெண்ட்ல விழா எடுத்தீங்களே, அந்த சந்தையில வாளையார் செக்போஸ்ட் தாண்டினா சின்ன வியாபாரிக்கு இடமில்ல.

அப்புறம் இந்த பரோட்டா கதை. 2020ல கர்நாடகாவுல, எந்த சரக்குக்கு எவ்வளவு வரின்னு சொல்ற ஒரு அத்தாரிட்டி, பாக்கெட்ல வர்ற பரோட்டா ரொட்டி வகையே இல்ல, ரொட்டிக்கு 5, இதுக்கு 18ன்னு சொல்லிச்சு. ஓட்டல்ல சால்னா ஊத்தி சாப்பிட்டா 5. அஞ்சு வருஷம் கழிச்சு 2025 செப்டம்பர் 22ல இருந்து பரோட்டாவுக்கு வரியே இல்லைன்னுட்டீங்க. சந்தோஷம்தான். என் மிக்சரும் அப்படித்தான், லூசா வித்தா 5, பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினா 12ன்னு இருந்துச்சு, அதையும் அன்னைக்குத்தான் 5க்கு கொண்டு வந்தீங்க. ஆனா இத்தனை வருஷம் அதே கடலமாவு அதே சட்டியில வெந்து, கவருக்குள்ள போனதும் 7 சதவீதம் ஏறுச்சே, கவருக்குள்ள அப்படி என்ன நடந்துச்சு?

எங்க தாத்தா ராஜாஜி பக்தர். 1959ல சுதந்திரா கட்சி ஆரம்பிச்சு "பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்"னு நேரு சர்க்கார வாரினாரே அந்த ராஜாஜி. 1952ல முதலமைச்சரா வந்ததும் உணவு கட்டுப்பாட்டை எடுத்தாரு, ஊரே பஞ்சம் வந்துரும்னு பயந்துச்சு, அரிசி கடைக்கு வந்துச்சு. ஆனா 1939ல மெட்ராஸ் மாகாணத்துக்கு விற்பனை வரிய கொண்டு வந்ததும் அவரேதான், மதுவிலக்கால போன வருமானத்த ஈடுகட்ட. தாத்தா முன்னாடி இத சொன்னா பேச்ச மாத்திருவாரு. இன்னைக்கு பாருங்க, சாராயமும் பெட்ரோல் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளிய நிக்குது. உங்களுக்கு கொட்டுற இடத்துல மட்டும் ஒரே வரி வேணாம்! எங்க வேன் டீசலுக்கு கட்டுற வரியில ஒரு பைசா இன்புட் கிடையாது.

எங்க தெருவுல மிக்சர் கடை மூணு. நான் பழைய எண்ணெய ஊத்தினா பத்து நாள்ல ஆளு எதிர்க்கடைக்கு போயிரும், எவனும் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்ல. 20ம் தேதி சாயங்காலம் உங்க போர்ட்டல் சுத்திக்கிட்டே நின்னா நான் எந்த எதிர்க்கடைக்கு போறது?

நான் கேக்குறது பெருசில்ல. பில்லோட, பேங்க் வழியா வரிய கட்டி வாங்கினவன விட்டுருங்க, முழுங்கினவன போய் புடிங்க. வட்டிய ரெண்டு பக்கமும் ஒன்னா வைங்க, 18ன்னா 18, 6ன்னா 6, எனக்கு ரெண்டும் சம்மதம். கவுன்சில்ல ஒன்றியத்துக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டு, மிச்சம் மாநிலங்களோடது, முடிவெடுக்க நாலுல மூணு பங்கு ஓட்டு வேணும், ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் நடக்கும், அதனால டெல்லி மேல மட்டும் பழிய போட்டு எங்க ஊருக்கு வந்து கை விரிக்காதீங்க.

நோட்டீசுக்கு பதில் சொல்ல 30 நாள் டைம், அதுல 11 நாள் போயிருச்சு. இந்த லெட்டரையும் பதிலோட சேர்த்து அப்லோட் பண்ணிரலாமான்னு ஆடிட்டர்கிட்ட கேட்டேன், "உங்களுக்கு மிக்சர் விக்கிற எண்ணம் இருக்கா இல்லையா"ன்னு கேட்டுட்டு ஃபோன வச்சுட்டாரு.